சேதுவும் வரம்பும்: மன்னார்க் கரையிற் பண்டைப் பேரரசுகளின் எல்லை

எல்லை இருவகைப்படும்; அவை இயற்கையெல்லை, செயற்கையெல்லை என்பன. மலை, ஆறு, கடல், காடு, பாலை முதலியன இயற்கையெல்லைகளாம். மதில், அகழி, கோட்டை, எல்லைக்கல், சுங்கச்சாவடி முதலியன செயற்கையெல்லைகளாம். இவ்வாறு கரும்பலகையிலே இரண்டு நிரலாக எழுதி, ஒவ்வொன்றற்கும் இவ்விரண்டு உதாரணஞ் சொல்லி, மாணாக்கரைக் கொண்டு ஒப்புவிப்பித்துவிட்டாற் பாடம் முடிந்ததென்று நம்மிற் பலர் கருதுகின்றோம். இமயம் இந்தியாவுக்கு இயற்கையெல்லை. பெருமதில் சீனத்துக்குச் செயற்கையெல்லை. கடல் இலங்கைக்கு இயற்கையெல்லை. வினாத்தாளிலே கேட்பதும் இவ்வளவே. இவ்வளவு எழுதிய பிள்ளைக்கு முழுப்புள்ளியும் கிடைத்துவிடும்.

ஆயின், இப்பாடத்தை மன்னார்த்தீவிலே, தலைமன்னாரிலோ பேசாலையிலோ உள்ள ஒரு பாடசாலையிற் சொல்லிப் பாருங்கள். முன்வாங்கிலே இருக்கும் மீனவர்பிள்ளை எழுந்து, தன்னுடைய அப்பு பாய்த்தோணியேறி இராமேச்சுரத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டு மீண்டவரென்றும், அக்கரையிலே தங்கட்குச் சுற்றத்தார் உளரென்றும், அவ்வாறாகக் கடல் எங்ஙனம் எல்லையாகுமென்றும் வினாவினால், ஆசிரியர் யாது விடை கூறுவர்? “புத்தகத்திலுள்ளதை எழுது” என்று இருத்திவிடுதல் எளிது. அவ்வினா நேர்மையானது, புத்தகத்து விடையோ குறைவுடையது. அக்குறை இன்னதென்பதைப் பண்டைப் பேரரசுகளின் சரித்திரங்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து. இதற்கு வேறு தேசத்து உதாரணங்களைத் தேடி அலையவேண்டுவதில்லை. மன்னார்க் கரையே போதிய பாடநூலாம்.

முதலிற் சொற்களை எடுத்துக்கொள்வோம். எல்லைக்குத் தமிழிலே வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று வரம்பு. கட்டுக்கரைக் குளத்தின்கீழ் நெல் விளைக்கும் உழவன் பிள்ளைக்கு வரம்பு இன்னதென்று நாம் விளக்கவேண்டுவதில்லை. இருவர் வயலைப் பிரிப்பது வரம்பு. நீரைத் தேக்கி நிறுத்துவதும் வரம்பு. அவ்விருவரும் நடந்துபோகும் வழியும் அவ்வரம்பே. பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரே மண்ணணையாய் நிற்றலை அப்பிள்ளை நாடோறுங் காண்கின்றான். வடமொழியிலே சேது என்னுஞ் சொல்லும் இத்தன்மைத்தே. அணை, பாலம் என்னும் பொருளோடு எல்லை, வரையறை என்னும் பொருளும் அச்சொற்கு உண்டு. ஆகவே, இராமபிரான் அணைகட்டிய இடமென்று நாம் போற்றும் இக்கடற்பகுதிக்கு முன்னோர் வழங்கிய பெயரிலேயே பாலமும் எல்லையும் ஒருங்கடங்கிக் கிடக்கின்றன. இவ்விரண்டு சொற்களையும் மாணாக்கர் மனத்திற் பதிப்பித்துவிட்டாற் பாடத்திற் பாதி முடிந்ததென்னலாம்.

இன்னுமொரு வேறுபாட்டையும் ஈண்டுக் குறித்துக்கொள்க. திருவள்ளுவநாயனார் நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கினையும் எடுத்தோதியது அரண் என்னும் அதிகாரத்திலேயாம். அரண் வேறு, எல்லை வேறு. பகைவனைத் தடுக்கப் பயன்படுவது அரண். ஓர் அரசனது ஆணை எங்கே முடிகின்றதோ அது எல்லை. மலையும் கடலும் அரணாதல் இயல்பு. எல்லையாதல் அரசர் செயல். நம் புத்தகங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

இனி இக்கடலின் இயல்பை நோக்குவோம். மன்னார்த்தீவு வடமேற்கு நோக்கி நீண்டு கிடப்பது. நீளம் ஏறத்தாழ 26 கிலோமீற்றர். அதன் தென்கிழக்கு முனை ஆழங்குறைந்த கடற்கழியொன்றினாற் பெருநிலத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தாம்போதியும் பாலமுங்கொண்டு இணைக்கப்பட்டுளது. மற்றை முனையாகிய தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இவ்விடைவெளியிலே மணற்றிட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மீனவர் இவற்றைத் தீடை என்பர். சில நீர்க்குமேலே தெரியும். சில நீர்மட்டத்துக்குச் சிறிதே கீழாக மறைந்து கிடக்கும். காற்றும் நீரோட்டமும் மாறுந்தோறும் இவை வடிவமும் மாறும். கடந்த பனியூழியிலே, இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றுள்ளதனினும் 100 மீற்றருக்கு மேலாகத் தாழ்ந்திருந்தமையால், ஈழமும் இந்தியாவும் ஒரே நிலமாய்க் கிடந்தன என்பது நிலநூலார் துணிபு.

சேதுவுக்கு வடகிழக்கே பாக்குக்குடா, தென்மேற்கே மன்னார்க்குடா. சோளகம் வீசுங்காலத்து மன்னார்க்குடாப் பக்கம் கொந்தளிக்கும். பாக்குக்குடாப் பக்கம் அடங்கியிருக்கும். வாடை எழுந்தால் இம்முறை மாறிவிடும். தீவிலுள்ள மீனவர் காற்றைப் பார்த்துக் கரைமாறி வாடியடித்துத் தொழில் செய்தல் இதனாலாம். மலையென்றால் ஆண்டு முழுவதும் மலையே. இக்கடலோ ஆறுமாதம் திறந்த வாயில், ஆறுமாதம் அடைத்த கதவு. எந்தத் திங்களிலென்று சொல்லாமல், ‘கடல் எல்லை’ என்று பொதுப்படக் கூறுதல் கடலறியாதார் கூற்றென்று மீனவர் நகைப்பர்.

மணற்றிட்டுகளின் விளைவு இன்னுமொன்றுண்டு. பெரிய மரக்கலங்கள் சேதுவைக் கடந்து செல்லுதல் அரிது. பாம்பன் வாயாலும் மன்னார்க் கழியாலும் சிறு மரக்கலங்களே புகுந்து போகும். ஆதலின் மேற்கிலிருந்து வந்த வணிகர் இவ்விடத்தே தங்கிச் சரக்கிறக்குதலும், மாற்றுதலும், விற்றலும் நேர்ந்தன. தடையே சந்தையைப் பிறப்பித்தது. அச்சந்தையே மாதோட்டம், பாளி நூல்கள் அதனை மகாதித்த என்னும். திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மாந்தை மேட்டில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்விலே சீனத்துப் பீங்கானும், பாரசீகக்குடாப் பக்கத்து மெருகிட்ட மட்கலமும், இந்தியப் பாண்டங்களும் ஒருமண்ணிற் கலந்து கிடைத்தன. நகரைச் சுற்றிக் குதிரைலாடம்போல வளைந்த அகழியும் மண்ணரணும் இருந்தமைக்கு அடையாளங்கள் உள. கடலெதிரே அகழிவெட்டிக் காத்த நகரைப் பார்த்த பின்னரும், கடலே அதற்குப் போதிய எல்லையாயிற்றென்று கூறுதல் பொருந்துமா? அந்நகரத்தார் கடலை வழியாகக் கண்டமையினாலன்றோ தமக்கெனச் செயற்கையரண் வேண்டினர்.

மாதோட்டத்துக்குப் பின்னிலமும் இயற்கை தந்த வழியொன்றை உடைத்து. அநுராதபுரத்தைத் தொட்டுவரும் மல்வத்து ஓயா, மன்னார்ப் பகுதியில் அருவியாறு என்னும் பெயரோடு ஓடி அரிப்பின் பக்கத்தே கடலில் விழுகின்றது. தலைநகரும் துறைமுகமும் ஒரே ஆற்றின் போக்கைச் சார்ந்தமையால், அநுராதபுரத்து அரசர்க்கு மாதோட்டம் இராச்சியத்தின் கடையன்று, தலைவாயிலாம். அவ்வாற்றிலே தேக்கம் என்னும் அணையைக் கட்டி நீரைத் திருப்பியே கட்டுக்கரைக் குளத்தை நிரப்பினர். ஒரே ஆற்றை எல்லையாகக் கொள்வாருமுளர். அணையிட்டு வயலுக்குப் பாய்ச்சுவாருமுளர். இலங்கையின் பழைய முப்பிரிவிலே மகாவலியும் தெதுறு ஓயாவும் இராசரட்டைக்கு எல்லையாயின. அருவியாறு ஒருபோதும் அங்ஙனமாகவில்லை. சோழநாட்டைப் பிளந்து ஓடுங் காவிரி சோழநாட்டுக்கு உயிராயிற்று. புதுக்கோட்டைப் பக்கத்து வெள்ளாறோ சோழ பாண்டிய நாடுகளுக்கு எல்லையெனப்பட்டது. ஆற்றில் நீர் மிகுதியாக ஓடுதலோ குறைவாக ஓடுதலோ இதற்குக் காரணமன்று. ஆற்றின் இருகரையையும் ஒருவன் ஆண்டானா இருவர் ஆண்டனரா என்பதே காரணம்.

பேரரசுகளை இனி நோக்குவோம். மௌரியப் பேரரசனாகிய அசோகன் கி. மு. 3ஆம் நூற்றாண்டிலே பொறித்த பாறைச்சாசனங்களிற் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்போரையும், தாம்பிரபர்ணி வரையுள்ள தேசத்தையும் தன் எல்லைக்கு அப்பாற்பட்டனவாகக் கூறுகின்றான். ஆயினும் மருந்துச்செடியும் அறமும் அவ்வெல்லைகளைக் கடந்து சென்றனவென்று அச்சாசனங்களிலேயே கூறுகின்றான். இதனாற் பெறப்படுவது யாது? ஆணைக்கு ஓரெல்லையும் அறத்துக்கு வேறோரெல்லையும் இருக்கலாமென்பதை அவ்வரசன் நன்குணர்ந்திருந்தான்.

கி. பி. 7ஆம் நூற்றாண்டிலே இலங்கைச் சிங்கள இளவரசனாகிய மானவர்மன் பல்லவன் நரசிம்மவர்மனை அடைக்கலம்புகுந்து, பல்லவர் படையோடு கடல்கடந்து வந்தான். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராசராசசோழன் படை ஈழத்திற் புகுந்தது. 1017இல் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. ஈழம் மும்முடிச்சோழமண்டலமாயிற்று, பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, மாதோட்டம் இராசராசபுரமாயிற்று. அங்கே தாழிகுமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி இராசராசேச்சரம் என்னுங் கோயிலெடுப்பித்த செய்தியைக் கூறுங் கல்வெட்டு மாதோட்டத்திலேயே கிடைத்தது. மதில் ஒன்றுங் கட்டாமல், ஊருக்குப் பெயரிட்டும் கோயிலுக்கு நிவந்தமெழுதியுமே எல்லையைக் கடலுக்கு இப்பால் நகர்த்தினர். 1070இல் விசயபாகு மன்னன் சோழராட்சியை அகற்றியபோது அவ்வெல்லை மீண்டும் கடலுக்கப்பாற் சென்றது. கடல் அங்கேயே கிடந்தது.

சோழர் செய்தியை மாத்திரஞ் சொல்லி நிறுத்திவிடுதல் நம்மவரிடத்துள்ள வழக்கம். அது நடுவுநிலைமையன்று. 9ஆம் நூற்றாண்டிலே இரண்டாஞ் சேனன் என்னுஞ் சிங்கள அரசன் படை மதுரையைச் சூறையாடியது. 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகுவின் சேனாபதியாகிய இலங்காபுரன் படையொடு சேதுவைக் கடந்து, இராமேச்சுரத்தைக் கைப்பற்றி, அதன் பக்கத்தே குந்துகால் என்னுமிடத்திற் கோட்டையமைத்து, அதற்குப் பராக்கிரமபுரம் எனப் பெயரும் இட்டான். இராசராசபுரம் இக்கரையில் எவ்வாறோ, பராக்கிரமபுரம் அக்கரையில் அவ்வாறே. அவனுக்குப் பின் 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், இராமேச்சுரத்திலே தன்பெயராற் கோயிலொன்று எடுப்பித்ததாகத் தன் கல்வெட்டுகளிற் கூறிக்கொள்கின்றான். பௌத்த அரசனொருவன் சிவன்கோயில் கட்டித் தன் ஆணையின் அளவைக் காட்ட விரும்பினான் என்பது சைவமாணாக்கர் கட்டாயம் அறியற்பாலது.

யாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்து, இங்கிலாந்தைச் சூழ்ந்த கடல் அந்நாட்டுக்கு இறைவன் வெட்டிய அகழியென்று எமக்குக் கற்பித்தனர். அதனை மனமுவந்து மனனம் செய்தோம். டோவர் நீரிணையின் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். நம் சேதுக்கடலின் அளவே. அவ்வகழியை உரோமர் கி. பி. 43இலே கடந்தனர், நோர்மானியர் 1066இலே கடந்தனர். ஆங்கில அரசர் தாமும் அக்கரையிலுள்ள கலே நகரை 1347 முதல் 1558 வரை கைக்கொண்டிருந்தனர். குந்துகாற் கோட்டையும் கலேக் கோட்டையும் ஒருவகையின. எமக்குக் கற்பித்தார் நல்லவர். ஆயின் ஒருவரும் அந்நாளில் அவரை அக்கேள்வி கேட்டிலேம். உரோமர் பிரித்தானியாவிலே 122இல் தொடங்கிக் கட்டிய அதிரியன் மதிலுங்கூட வாயிலற்ற மதிலன்று. ஏறத்தாழ 117 கிலோமீற்றர் நீண்ட அம்மதிலிலே உரோம மைலுக்கு ஒரு சிறு காவலரணும், அதில் வாயிலும் வைத்தனர். வருவாரைத் தடுத்தலினும், வருவார் இவ்வழியே வருக, வந்து எண்ணப்படுக, தீர்வை செலுத்துக என்பதே அதன் நோக்கமென ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர்.

பண்டை அரசர்க்கு எல்லை கோடன்று, ஒருவகை நிழல். தலைநகரிலே செறிந்து நின்ற ஆணை சேய்மையிற் செல்லச்செல்ல மெலியும். மெலிந்த இடத்திலே காடிருக்கும்; காட்டிலே குறுநிலத் தலைவர் இருப்பர். மன்னாருக்குக் கிழக்கே பரந்துகிடக்கும் வன்னி இதற்குத் தக்க உதாரணம். யாழ்ப்பாணத்து அரசருக்குச் சிலபோது திறைகொடுத்தும், பலபோது கொடாதும் வன்னியர் ஆண்ட அந்நிலத்தின் ஒரு பகுதிக்கு அடங்காப்பற்று என்றே பெயர் வழங்கிற்று. அப்பெயரே ஓர் எல்லைப்பாடம்.

ஊர்நிலத்துக்கோ அவர்கள் மிகத் துல்லியமாக எல்லை வகுத்தனர். சோழர் செப்பேடுகளிலே, கொடைநிலத்தைச் சுற்றிப் பிடியானையை நடத்தி, அது நடந்த வழியிலே கல்லும் கள்ளியும் நட்டு எல்லைகண்டமை கூறப்படும். சிவன்கோயில் நிலத்துக்குச் சூலம் பொறித்த கல் நாட்டுதல் மரபு. ஒரு வேலி நிலத்துக்கு நான்குபாலும் எல்லை எழுதியவர்கள் மண்டலத்துக்கு எழுதிற்றிலர். வரிவாங்குமிடத்துக்கே கோடு வேண்டும்.

ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து யாழ்ப்பாண இராச்சியம் மன்னாரையும் உள்ளடக்கியது. அவ்வரசர் தம் நாணயத்தில் நந்தியின் உருவோடு சேது என்னுஞ் சொல்லைப் பொறித்தனர். அக்கரையிலே இராமநாதபுரத்தை ஆண்டவர் சேதுபதி என்னும் பட்டம் பூண்டனர். ஒரு சேதுவுக்கு இருகரையிலும் இருவேறு காவலர் இருந்தமை காண்க. எந்நாட்டிலாயினும் இரண்டு அரசகுலங்கள் ஓர் எல்லையின் பெயரையே தம் பெருமைப்பெயராகச் சூடிக்கொள்ளுமாயின், அவ்விடம் அவர்களுக்கு வேலியாக மாத்திரம் இருந்ததில்லை. யாத்திரிகரும் முத்தும் கடந்துசெல்லும் வழியாகவும் அது இருந்தது.

இங்கே நம் சமயத்துக்குரிய செய்தியொன்று உண்டு. திருக்கேதீச்சரத்துக்குத் திருஞானசம்பந்தமூர்த்திநாயனாரும் சுந்தரமூர்த்திநாயனாரும் அருளிய பதிகங்கள் உள. அவ்விருவரும் ஈழத்துக்கு எழுந்தருளினாரல்லர். இராமேச்சுரத்திலிருந்தவாறே இத்தலத்தை நினைந்து பாடினர் என்பது பெரியபுராண மரபு. அக்காலத்து அக்கரை பாண்டியராணைக்கும் இக்கரை அநுராதபுரத்தாணைக்கும் உட்பட்டவை. பதிகத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டியிலது. பாலாவியும் மாதோட்டமும் சோழநாட்டு அடியவர் நாவிலே ஊர்ப்பெயர்களாய் வழங்கலாயின. இதனை எடுத்துக்காட்டிக் கடல் என்றுமே நம்மைப் பிரித்ததில்லை என்று மேடையிலே முழங்குவாருமுளர். நாயன்மார் கரையிலே நின்று பாடினர் என்பதையும் உடன் நினைத்தல்வேண்டும். கடல் இருந்தமையாலேயே அவ்வாறு பாடினர். இயற்கை நம்மை ஒன்றாக்கிற்று என்பதும், இயற்கை நம்மைப் பிரித்துவைத்தது என்பதும் ஒரே பிழையின் இருமுகம். கடல் இரண்டையுஞ் செய்யவல்லது; எதனைச் செய்யவேண்டுமென்று தீர்ப்பவர் கரையிலிருக்கும் மனிதர்.

அதற்குப் பெருஞ்சான்று 16ஆம் நூற்றாண்டிற் கிடைக்கின்றது. போர்த்துக்கேயரைச் சார்ந்த சவேரியாரின் ஏவலால் மன்னாரிலே பரதவர் பலர் கிறித்தவமதம் புகுந்தனர். ஞானஸ்நானம் பெற்றவர் போர்த்துக்கல் அரசனது காவலுக்கு உட்பட்டவராவர் என்னும் வழக்கு அந்நாளிலிருந்தது. தன் குடிகள் தன் நிலத்திலேயே இருந்துகொண்டு பிறனொருவன் குடிகளாயினர் என்று கண்ட யாழ்ப்பாணத்துச் சங்கிலியரசன் 1544இலே படையொடு வந்து அவர்களைக் கொல்வித்தான். கொலையுண்டவர் ஏறத்தாழ 600 பேர் என்று கிறித்தவ சரித்திரகாரர் கூறுவர். சைவபாடசாலைகளிலே இதனைச் சொல்லாது விடுகின்றோம். அல்லது அரசனுக்கு வழக்கறிஞராய் நின்று பேசுகின்றோம். இரண்டுந் தகா. அரசன் கருத்திலே இராச்சியத்தின் எல்லை கடலில் இல்லை, குடிகளின் நெற்றியிலே வந்துவிட்டது. அவ்வெல்லையைக் குடிகளின் உயிர்மேல் வரைந்தமை கொடுமையே. சிவநெறி கொலையை விதித்ததில்லை என்பதை மாணாக்கருக்குத் திறந்து சொல்லல்வேண்டும்.

1560இலே கோவையிலிருந்து வந்த போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நல்லூரைப் பிடித்தும், குடிகள் கிளர்ந்தெழுந்தமையால் அங்கே நிலைக்கமாட்டாது, மன்னாருக்குப் பின்வாங்கி, அங்கே கோட்டையிட்டான். அகலங்குறைந்த ஒரு கழியே யாழ்ப்பாண அரசுக்கும் போர்த்துக்கேயர் அரசுக்கும் எல்லையாயிற்று. சிறுவர் இறங்கி விளையாடும் நீர் அது. எனினும் கோட்டையும் பீரங்கியும் அதன் கரையில் வந்தபின் யாழ்ப்பாணத்தரசரால் அதனை மீண்டுங் கடக்க முடியவில்லை. 1591இல் மென்டோன்சாவின் படை யாழ்ப்பாணத்தின்மேற் சென்றதும் மன்னார்வழியாகவே. 1619இலே யாழ்ப்பாண இராச்சியம் ஒழிந்தது. ஆழ்கடல் 500 ஆண்டு செய்யாததை ஆழமற்ற கழியொன்று செய்தது.

திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர் என்பதும், அதன் கற்களை மன்னார்க் கோட்டைக்கு எடுத்தனர் என்பதும் வழிவழி வருஞ் செய்திகள். எல்லை கடந்த பதிகத்துக்குரிய கோயில், எல்லை காக்குங் கோட்டைக்குக் கல்லாயிற்று. 1658இலே ஒல்லாந்தரும் 1795இலே ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைக்கொண்டனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1872இலே யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலில் இத்தலத்தை எடுத்துப் புதுக்குமாறு சைவர்களை வேண்டியதும், 1893இலே அந்நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டதும் நம்மாசிரியர் பலரும் அறிந்தவை.

ஆங்கிலேயர் காலத்துச் செய்தி சுருக்கமாகவேனும் சொல்லற்பாலது. இரு கரைக்கும் ஒரே முடி அமைந்திருந்தும் எல்லை நீங்காமையை அது காட்டும். சென்னைக் கம்பனியாட்சியோடு சிலகாலம் இணைந்திருந்த இலங்கை 1802இலே தனி முடிக்குரிய குடியேற்றநாடாயிற்று. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, வன்னிக்காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டார் பலர். 1914இலே தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக்கப்பலும் இருபுறத்து இரயிலும் இணைந்தபோது, சென்னையிற் சீட்டெடுத்துக் கொழும்பில் இறங்கலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே செய்யப்பட்ட சிறிமா–சாத்திரி உடன்படிக்கையினால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டமக்கள் பலர் அத்துறையிலேயே கப்பலேறினர். பாட்டனார் இறங்கிய துறையிற் பேரன் ஏறினான். பின்னர்ப் போர் மூண்டு கப்பலும் நின்றது. 1974ஆம் 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளே இக்கடலின்மேல் முதன்முதற் கோடு வரைந்தவை. இராசேந்திரனும் பராக்கிரமபாகுவும் அத்தகைய கோட்டை அறியார். மீனுக்கும் அது தெரியாது. மீனவனுக்கோ தெரியாமலிருக்க இயலாது. இழுவைமடியால் மன்னார் மீனவர் வலையிழப்பதும், கோடு கடந்த இராமேச்சுரத்து மீனவர் சிறைப்படுவதும் இன்றுங் காண்கின்றோம்.

வகுப்பிலே இப்பாடத்தை நடாத்தும் முறையை இனிச் சொல்லுதும். மன்னார், யாழ்ப்பாணம், இராமநாதபுரம் அடங்கிய கரைப்படத்தை ஒரே அளவில் நான்கு தாள்களில் வரைவிக்க. ஒன்றிற் கி. பி. 1030ஐயும், ஒன்றில் 1450ஐயும், ஒன்றில் 1600ஐயும், ஒன்றில் இந்நாளையும் குறித்து, அவ்வக்காலத்து ஆட்சிக்கேற்ப வண்ணந் தீட்டுவிக்க. நான்கையும் சுவரில் ஒட்டி, மாறாதது எது, மாறியது எது என்று மாத்திரம் வினாவுக. விடையை ஆசிரியர் சொல்லிவிடலாகாது. பின்னர்க் கரும்பலகையிலே பழைய இரண்டு நிரலுக்குப் பக்கத்தில் மூன்றாவது நிரலொன்று இடுக. அதிலே ஒவ்வோர் எல்லைக்கும் நேராக, அதனை வகுத்தவர் யாவர், அது தடுத்தது யாரை, விட்டது யாரை என்பன எழுதப்படுக. இமயத்துக்கு நேரே எழுதப்புகும்போது கைபர்க் கணவாய் தானே வந்துவிடும்.

ஒன்று எச்சரிக்க. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு எல்லை என்பது புத்தகச்சொல்லன்று. 2002இன் போர்நிறுத்தத்துக்குப்பின் உயிலங்குளத்துச் சாவடியிலே மூட்டையவிழ்த்துக் காட்டி, ஓர் ஆட்சியினின்று மற்றோராட்சிக்கு நடந்தவர் அவர்கள். அங்கே மலையுமில்லை, ஆறுமில்லை. இருபுறமும் ஒரே வயல். வீட்டிலே அதனைக் கேட்டெழுதிவருமாறு பணிக்கலாம். ஆயின் உற்றாரை இழந்த வீட்டுப்பிள்ளையை எழுந்து வாசிக்கும்படி வற்புறுத்தற்க.

மாணாக்கரை வெளியே கொண்டுசெல்லக் கூடுமாயின், முதலில் மன்னார்க் கோட்டைக்குச் சென்று, கழியையும் தாம்போதியையும் காட்டுக. பிறகு திருக்கேதீச்சரம் சென்று பாலாவியில் நீராடி வழிபட்டு, மாந்தை மேட்டையும் அகழித் தடத்தையும் சுற்றி நடப்பிக்க. தலைமன்னாரை மாலைக்கு வைத்துக்கொள்க. பழைய இறங்குதுறையிலே நின்று மேற்கே பார்க்க வெயில் தணிந்த பொழுதே நன்று. சோளகக் காலத்திற் போவோர் துறைமரங்களின்மேற் பிள்ளைகளை ஏறவிடாதிருக்கக்கடவர்.